"வருங்காலத் தலைமுறைக்கு என்ன சொல்றீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள்

கேள்வி: என் அப்பா நாதஸ்வரக் கலைஞர், வயது 76. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவன் கோயிலில் நாற்பது வருடத்துக்கு மேல் ஊழியம் பார்த்தவர், கல்யாணக் கச்சேரிகளும் நிறைய. முன்பற்கள் விழுந்த பிறகு வாசிப்பதை நிறுத்திவிட்டார். என் பெண்ணுக்கு 13 வயது, நாதஸ்வரம் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். அவளுக்காகவும் இனி வரப்போகிற பிள்ளைகளுக்காகவும் அப்பா சொல்வதை வீடியோவாக எடுத்து வைக்கலாம் என்று பொங்கல் லீவில் உட்கார வைத்து, "வருங்காலத் தலைமுறைக்கு என்ன சொல்ல விரும்புறீங்க?" என்று கேட்டேன். "குருபக்தி வேணும், நல்லா சாதகம் பண்ணணும், கலையைக் காப்பாத்தணும்" என்று சொல்லிவிட்டு "போதுமாடா?" என்று எழுந்துவிட்டார். இன்னொன்று. சின்ன வயதில் என்னை இந்தத் தொழில் பக்கமே வரக்கூடாது என்று தடுத்தவரும் இவர்தான், நான் இப்போது வங்கியில் வேலை பார்க்கிறேன். அதைக் கேமரா முன்னால் கேட்கலாமா, கேட்டால் மனசு நோகுமா? எதைக் கேட்பது, எப்படி எடுப்பது?
(பெயர் வேண்டாம், சென்னை)

பதில்:

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம் அந்த "போதுமாடா"தான். அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் எந்தப் பாராட்டு விழாவில் யார் பேசினாலும் வருகிற வரி, சால்வை போர்த்தியதும் தானாக வாயில் வந்து நிற்கும். "போதுமாடா" மட்டும் உங்கள் அப்பா பேசியது. அந்த வீடியோவை அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அவரைக் குறை சொல்லாதீர்கள், கேள்வி அப்படி. அறுபது வருடம் ஊதியவரைப் பார்த்து "தலைமுறைக்கு என்ன சொல்றீங்க" என்றால் அவர் என்ன செய்வார், தலைமுறை என்று கண்முன்னால் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்ன? கலைஞர்களைப் பேச வைத்து ஒலிப்பதிவு செய்வதுதான் இருபது வருடமாக என் வேலை, முதல் நாலைந்து வருடம் நானும் இதையேதான் போகிற வீட்டிலெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தவில் வித்வான், எண்பதை நெருங்கியவர், ஒரு மணி நேரம் பதில் சொன்னார். ஒழுக்கம், உழைப்பு, பணிவு. கேட்ட எனக்கே கொட்டாவி வந்தது. கருவியை அணைத்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே பேரன் தவிலைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பெரியவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "டேய், கூடு காயறதுக்குள்ள மாட்டிக்கிட்டியா, சொதசொதன்னு கேக்குது பாரு" என்று ஆரம்பித்தார். வலதுகை விரல்களில் மாட்டிக்கொள்வார்களே கூடு, துணியில் பசை தடவிச் சுற்றிச் சுற்றிக் காயவைப்பது, அது எத்தனை சுற்று, எந்த விரலுக்கு எவ்வளவு கனம், உள்ளே ஈரம் நின்றால் அடி எப்படி மந்தமாகும், மழைக்காலத்தில் அடுப்படியில் எவ்வளவு தள்ளி வைத்துக் காயவைக்க வேண்டும் என்று பையனைத் திட்டிக்கொண்டே கால் மணி நேரம் போனது. பூவரசங்கழியை எந்த இடத்தில் பிடித்தால் ராத்திரி முழுக்க அடித்தாலும் முழங்கை வலிக்காது என்பதும் அந்தத் திட்டிலேயே வந்தது. நான் கையில் ஒயரோடு நின்றுகொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் மறுபடி போய் "அன்னைக்குச் சொன்னதைச் சொல்லுங்க ஐயா" என்றேன். "என்ன சொன்னேன்?" என்றார்.

அதற்கப்புறம் நான் எந்தக் கலைஞரிடமும் அறிவுரை கேட்பதில்லை. யாராவது ஒருவரை அவர் முன்னால் தப்பாகச் செய்யவிட்டு, பதிவுக் கருவியை ஓடவிட்டு, ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன். தப்பு காதில் விழுந்தால் அவர்களால் சும்மா இருக்க முடியாது. உங்கள் வீட்டில் தப்பாக ஊதுவதற்கு 13 வயதில் ஒரு ஆள் ரெடியாக இருக்கிறாள், இதைவிட என்ன வசதி வேண்டும்.

மேடையில் நின்று அடுத்த தலைமுறைக்குச் சொன்னதே சில சமயம் பெரிய விஷயமாக இருந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. 1975 டிசம்பரில் தமிழிசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி பரதநாட்டியக் கச்சேரியைக் கோயிலுக்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுர வாசல், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், அதைத் தாண்டி சப்தம் என்கிற மண்டபம், அப்புறம் வர்ணம் என்கிற சந்நிதி. ஆடுகிறவர்கள் இந்த வரிசையை ஏன் மாற்றக்கூடாது என்பதற்காகச் சொன்னது இது. அரை நூற்றாண்டு ஆகிறது, இன்னும் நாட்டியம் சொல்லித் தருகிறவர்கள் இதை எடுத்துச் சொல்கிறார்கள். அந்தம்மா "பக்தியோடு ஆடுங்கள்" என்று முடித்திருந்தால் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? தான் தினமும் கையாண்ட ஒன்றை, அதன் உள்வரிசையை, எடுத்துப் பிரித்துக் காட்டினார். உங்கள் அப்பாவிடமும் அப்படிப் பிரித்துக் காட்ட நிறைய இருக்கும், ஆனால் அவர் மேடையில் பேசிப் பழகியவர் இல்லை, கையில் ஒரு பொருள் இருந்தால்தான் பேச்சு வரும்.

அதனால் முதலில் அந்தப் பெட்டியை இறக்குங்கள். நாதஸ்வரக்காரர் வீட்டில் ஒரு பெட்டி கட்டாயம் இருக்கும், பரண் மேலோ கட்டிலுக்கு அடியிலோ. பழைய சீவாளிகள் (வாயில் வைத்து ஊதுகிற நாணல் துண்டு), அதைச் செருகுகிற கெண்டை, ஊசி, சுற்றிவைத்த நூல், நாதஸ்வரத்தின் கீழ்முனையில் விரிந்திருக்கிற அணசு, அதுவும் பாதி உடைந்தது, என்று கிடக்கும். உங்கள் மகளை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து "இது என்ன தாத்தா" என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து அவர் பாதியை விழுங்கிவிடுவார்.

சீவாளி ஒன்றுக்கே ஒரு முழு நாள் போகும். திருவாவடுதுறையில் நாணல் தட்டையில் செய்கிறார்கள் என்பது வரைக்கும் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாங்கி வந்த புதுச் சீவாளியை எத்தனை நாள் வாயில் வைத்துப் பழக்குவார், எந்த இடத்தைச் சீவுவார், மழை நாளில் எதை எடுப்பார், கல்யாணத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருந்தாரா, முகூர்த்த நேரத்தில் சீவாளி பிளந்துபோன அனுபவம் உண்டா (நான் சந்தித்த எல்லா நாயனக்காரர்களுக்கும் உண்டு), அன்றைக்கு என்ன செய்தார்? இதெல்லாம் அவர் வாயிலும் விரலிலும் மட்டும் இருக்கிற விஷயம். நாதஸ்வரத்துக்கும் இப்படித்தான். நாதஸ்வரம் செய்கிற நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரத்தைத் தேடி வாங்குவார்கள், பல வருடம் காய்ந்து ஈரமே இல்லாத மரம்தான் வேண்டும் என்பதால். 2022இல் அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் உங்கள் அப்பாவின் நாயனம் யார் செய்தது, முதல் தடவை ஊதியபோது எந்தச் சுரம் பிடிவாதம் பிடித்தது, கீழே இருக்கிற துளைகளில் எதை மெழுகு வைத்து அடைத்தார் என்பதற்கு எந்தக் குறியீடும் கிடையாது.

பல் போனதால் வாசிக்க மாட்டார் என்கிறீர்கள். பரவாயில்லை, பல் செட் போட்டுக்கொண்டு ஊதிக் காட்டச் சொல்லி வற்புறுத்தவே வேண்டாம். நல்ல நாளில் ஊதிய சத்தம் அவர் காதில் இருக்கிறது, இன்றைய சத்தத்தைப் பதிவில் வைக்க எந்தக் கலைஞனுக்கும் மனசு வராது. பாடச் சொல்லுங்கள். நாயனக்காரர்கள் பாடியே பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள்தான், துத்துக்காரம், அதாவது நாக்கால் காற்றை வெட்டுகிற இடம், எங்கே விழ வேண்டும் என்பதை வாயாலேயே சொல்லிவிடுவார்கள். பாடும்போது வெறும் நாதஸ்வரத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள், விரல் தானாகப் போகும். கேமராவை முகத்துக்கு வைக்காமல் விரலுக்கு வையுங்கள். துளையை முழுக்க மூடாமல் பாதியும் காலுமாகத் திறந்துதானே சுரத்தை அசைக்கிற கமகம் வருகிறது, அது எழுத்தில் வராது, பக்கவாட்டில் இரண்டடி தூரத்திலிருந்து எடுத்தால் தெரியும்.

அப்புறம், கோயில். இதை முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். கீர்த்தனைகள் பத்திரமாக இருக்கின்றன, புத்தகத்தில் இருக்கிறது, ஆயிரம் பேர் பாடி வைத்திருக்கிறார்கள். சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது மல்லாரி என்பதும் அதன் ராகம் கம்பீரநாட்டை என்பதும் எல்லாருக்கும் தெரியும். உங்கள் ஊர்க் கோயிலில் தேர் மல்லாரி, தளிகை மல்லாரி, தீர்த்த மல்லாரி எல்லாம் தனித்தனியாக இருந்ததா, புறப்பாட்டில் எந்த வீதித் திருப்பத்தில் எந்த ராகத்துக்கு மாறுவார்கள், ஓடம் என்கிற மெட்டு எங்கே வரும், பள்ளியறைக்கு நீலாம்பரி ராகமா ஆனந்தபைரவியா, இதெல்லாம் கோயிலுக்குக் கோயில் வேறு, அந்த வரிசை தெரிந்தவர் போனால் அதோடு சரி. ரக்தி என்கிற வாசிப்பு தெரியுமா என்று கேளுங்கள். சாகித்யமே கிடையாது, ராகமும் லயமும் மட்டும், நாயனமும் தவிலும் சேர்ந்து கட்டுகிற ஒரு வாசிப்பு அது. செம்பனார்கோயில் பரம்பரைக்காரர்கள் அதில் பேர் போனவர்கள். இன்றைக்குக் கேட்பது அபூர்வம். உங்கள் அப்பாவுக்கு நாலு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) தெரிந்திருந்தாலும் அந்தப் பதிவின் ஒரு பிரதியை எனக்கு அனுப்புங்கள், இது ஆலோசனை இல்லை, சொந்த ஆசை.

வீட்டுக்குப் பக்கத்திலேயே கோயில் இருந்தால் ஒரு நாள் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து அவரை மெதுவாகப் பிராகாரத்தில் நடத்திக் கூட்டிப்போங்கள், நிற்கிற இடத்தில் நிற்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் வராத ஞாபகம் நடந்தால் வரும்.

ஒரு எச்சரிக்கை. அவர் பேசும்போது "சூப்பர்ப்பா", "அப்படியா" என்று நடுவில் சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். நிறுத்தினால் நீங்களும் நிறுத்தி பத்து எண்ணுங்கள். முக்கியமான வாக்கியம் பெரும்பாலும் அந்தப் பத்துக்குள் வரும். என் பழைய பதிவுகளில் பாதி இடத்தில் என் குரல்தான் கேட்கிறது, இன்றைக்குக் கேட்டால் என்னையே அறையலாம் போலிருக்கும்.

சரி, நீங்கள் நிஜமாகக் கேட்க வந்த கேள்விக்கு வருவோம். உங்களை ஏன் தடுத்தார்.

கேட்கலாம். கேட்க வேண்டும் என்றே சொல்வேன். "கலையைக் காப்பாத்தணும்" என்று கேமராவுக்குச் சொன்னதும் "நீ வராதே" என்று மகனுக்குச் சொன்னதும் ஒரே ஆள், இரண்டில் ஒன்றை மட்டும் உங்கள் மகளுக்கு விட்டுவைத்தால் அது அரைகுறை. ஆனால் முதல் நாள் வேண்டாம், நாலைந்து தடவை உட்கார்ந்த பிறகு. "ஏன்ப்பா என்னைத் தடுத்தீங்க" என்றும் வேண்டாம், அது கோர்ட்டுக் கேள்வி, அவர் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுவார். நீங்கள் எட்டாவதோ பத்தாவதோ படித்த வருடத்தைச் சொல்லி, "அப்ப ஒரு முகூர்த்தத்துக்கு என்ன கொடுத்தாங்கப்பா, செட்டுல எத்தனை பேர், ஆளுக்கு எப்படிப் பிரிச்சீங்க?" என்று கேளுங்கள். ஆடியிலும் புரட்டாசியிலும் கல்யாணம் இல்லாத மாதத்தை வீட்டில் எப்படி ஓட்டினார்கள் என்று கேளுங்கள். மார்கழியில் கல்யாண வரும்படியும் கிடையாது, ஆனால் விடியற்காலை நாலு மணிக்குக் கோயிலில் நிற்க வேண்டும், பனியில் சீவாளியும் ஒத்துழைக்காது. கல்யாண வீட்டில் எத்தனையாவது பந்தியில் எங்கே உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லச் சொல்லக் காரணம் அதிலேயே இருக்கும், நீங்கள் "ஏன்" கேட்கவே தேவைப்படாது.

சாப்பாட்டுப் பந்தி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த வாத்தியத்தை மங்கலம் என்பார்கள், வாசிப்பவரை வாசலில் நிறுத்துவார்கள். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்துக்கொண்டதையும் ஷெர்வானி போட்டுக்கொண்டதையும் அந்தக் காலத்தில் திமிர் என்று பேசியவர்கள் இருந்தார்கள். 1956இல் போய்விட்ட அவருடைய தோடி ராகத்தை இசைத்தட்டில் இன்றைக்கும் கேட்கலாம், ஒரு பக்கத்துக்கு மூன்று சொச்சம் நிமிடம்தான் கொள்ளும் அந்தத் தட்டில். அந்தத் தோடியைக் கேட்டு வளர்ந்த எத்தனையோ பேர் தன் பிள்ளையை இன்ஜினியரிங் சேர்த்துவிட்டார்கள். கலை மேல் பிரியம் இல்லாமல் இல்லை. தான் நின்ற வாசலில் பிள்ளை நிற்கக்கூடாது என்றுதான். உங்கள் அப்பா மனதில் வேறு காரணமும் இருக்கலாம், அதை நான் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது, அவர்தான் சொல்ல வேண்டும்.

மனசு நோகுமா என்றால், நோகலாம். அழுதால் கேமராவை அணைத்துவிட்டுத் தண்ணீர் கொடுங்கள், அப்புறம் தொடரலாமா என்று கேளுங்கள். ஒருவரைப் பேர் சொல்லித் திட்டினாலோ, ஊர்ப் பெரிய மனிதர் யாராவது அதில் வந்தாலோ, பதிவு முடிந்ததும் "இதை யாருக்குக் காட்டலாம் அப்பா?" என்று அதே பதிவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டோடு இருக்கட்டும் என்பார், இல்லை நான் போன பிறகு காட்டு என்பார். என்ன சொல்கிறாரோ அதுதான் சட்டம். அண்ணன் தம்பி வாட்ஸாப் குழுவில் அன்றைக்கு ராத்திரியே போட்டுவிடாதீர்கள், இதைச் செய்து குடும்பத்துக்குள் சண்டை வந்த வீடு எனக்குத் தெரியும்.

எடுக்கும் விதம் பெரிய வித்தை இல்லை, உங்கள் போன் போதும். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், ஃபேனை அணையுங்கள், ஃப்ரிட்ஜ் இருக்கிற அறை வேண்டாம். பேச்சுக்குப் போன் இரண்டடியில். மகள் ஊதும்போது பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி வையுங்கள், பக்கத்தில் வைத்தால் சத்தம் உடைந்து கரகரவென்று பதியும், பிறகு எதைச் செய்தும் சரியாகாது. கான்கிரீட் ஹாலைவிடத் திண்ணையோ தாழ்வாரமோ நல்லது, திறந்த இடத்தில் ஊதப் பிறந்த வாத்தியம். ஒலியை மட்டும் எடுப்பதாக இருந்தால் வேவ் (WAV) வடிவத்தில் சேமியுங்கள், வாட்ஸாப்பில் அனுப்பினால் பாதி சுருங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்தில் தேதி, ஊர், யார் யார் இருக்கிறோம் என்று வாயால் சொல்லுங்கள், இருபது வருடம் கழித்துக் கோப்பின் பெயர் தொலைந்தாலும் குரல் சொல்லும். மூன்று இடத்தில் பிரதி, அதில் ஒன்றாவது வேறு ஊரில். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், 76 வயது.

மகள் கற்றுக்கொள்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று சொந்தக்காரர்கள் யாராவது ஆரம்பித்தால் நாதஸ்வரம் வாசித்த மதுரை பொன்னுத்தாய் பேரைச் சொல்லுங்கள், 2020இல் கணவரோடு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட காலிஷாபீ பேரைச் சொல்லுங்கள். தாத்தாவிடம் மூச்சும் விரலும் பிடிபட்ட பிறகு முறையாகப் படிக்க ஆசைப்பட்டால் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரம் மூன்று வருடப் படிப்பாக இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள். தொழிலாக எடுப்பாளா என்பதை 13 வயதில் முடிவு செய்யச் சொல்லாதீர்கள். தாத்தாவையும் அதைப் பற்றி வாக்குக் கொடுக்கச் சொல்லாதீர்கள். அவளிடம் அவருக்கு ஆசை இருந்தால் அவள் முதல் தடவை சுருதியில் நிற்கும்போது அவர் முகத்தில் தெரியும். அந்த நேரம் கேமரா அவர் பக்கம் இருக்கட்டும்.

எப்போது ஆரம்பிப்பது என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை. அவரோடு ரொம்ப நாள் வாசித்த தவில்காரரோ தாளம் போட்டவரோ ஊரில் இருந்தால் அவரையும் வரச் சொல்லுங்கள், இரண்டு பேர் சேர்ந்தால் "அது திருநாகேஸ்வரத்துல இல்லடா, ஆடுதுறையில" என்று ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டே பாதி வேலையை முடித்துவிடுவார்கள். காபிக்குப் பாலைக் கொஞ்சம் அதிகமாக வாங்கி வையுங்கள்.